உடனே குடியேறலாம்

ஏரியைப் பார்த்த பக்கம் மட்டும் பதினான்கு ஜன்னல் கண்ணாடிகள். அவள் ஒவ்வொன்றையும் முதலில் ஈரத்துணியாலும், பிறகு கசக்கிய செய்தித்தாளாலும் துடைத்தாள். மேல் வரிசைக்கு நாற்காலி போட்டு ஏறியும் கை எட்டவில்லை. இத்தனை வருஷமும் அது அவள் புருஷன் செய்த வேலை. ஒரு குச்சி நுனியில் துணியைச் சுற்றிக் கட்டி, எக்கி எக்கித் துடைத்தாள். முழங்கை வழியாக அழுக்குத் தண்ணீர் இறங்கி ரவிக்கைக்குள் போனது. மலைக் குளிரில் அது ஊசியாகக் குத்தியது.

பத்து மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறது என்று புரோக்கர் போன் செய்திருந்தான்.

"இன்னிக்கு வர்றவங்க கையில காசு இருக்குக்கா. சும்மா சுத்திப் பார்க்க வர்ற கூட்டம் இல்ல."

"போன வாரமும் இதையேதான் சொன்னே தம்பி."

"போன வாரம் வந்தவங்ககிட்டயும் காசு இருந்துச்சு. மனசுதான் இல்ல."

கண்ணாடி முடிந்ததும் வாளியைக் கொட்டிவிட்டு, வெந்நீரை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். பின்சுவரை ஒட்டி விறகுக் கொட்டகை, அதற்கு அடுத்து ஓர் அறை. பன்னிரண்டு வருஷமாக அவர்கள் குடியிருப்பது அந்த அறையில்தான். அவன் தோட்டக்காரன், அவள் வீட்டு வேலை. வீட்டுக்குச் சொந்தக்காரரான பெரிய ஐயா உயிரோடு இருந்தவரை வருஷத்தில் பாதி நாள் இங்கே இருப்பார். அவர் போன பிறகு வீடும் இவர்களும்தான் மிச்சம்.

தோட்டக்காரன் பலகைக் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். அவள் அவனை ஒரு பக்கமாகப் புரட்டி, முதுகுக்குக் கீழே கையை விட்டுத் துணியை உருவினாள். இடுப்பெலும்பு துருத்திய இடத்தில் தோல் சிவந்திருந்தது. அங்கே மட்டும் ஒத்தி எடுத்துப் பவுடர் போட்டாள். கடைசியாகக் கால்மாட்டுக்கு வந்து போர்வையை விலக்கினாள்.

"அசைங்க பார்ப்போம்."

வலது காலின் கட்டைவிரல் கொஞ்சமாக அசைந்தது. இடது கால் கிடந்தபடி கிடந்தது.

"நேத்தைய விட பரவாயில்ல," என்றாள்.

"நேத்தும் அதைத்தான் சொன்னே. நீ புரோக்கர்கூட சேர்ந்து கெட்டுப்போயிட்டே."

"டீ கொண்டாரட்டுமா?"

"வேண்டாம். டீ குடிச்சா அப்புறம் உன்னைக் கூப்பிடணும். விருந்தாளிங்க நிக்கிறப்ப ஸ்டோர் ரூம் கூப்பிடுமா?"

தண்ணீர் பாட்டிலை அவன் கைக்கு எட்டும்படி வைத்தாள். கதவைச் சாத்தி, வெளியே பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பூட்டும், ஸ்டோர் ரூம் என்ற பெயரும் புரோக்கருடைய யோசனை. "படுத்த படுக்கையா ஒரு ஆள் கிடக்கிறதைப் பார்த்தா வாங்க வர்றவங்க மனசு ஒரு மாதிரி ஆயிடும்க்கா. வீட்டுக்கு ராசி இல்லைன்னு நினைப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க." அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தைக்குப் போகிற மாட்டுக்குக் கொம்பு சீவுவதில்லையா என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் விழுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

வீட்டை விற்பது என்று ஐயாவின் மகள் முடிவு செய்ததும் முதல் வேலையாகக் கூரைக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னாள். அவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டுப் பழக்கம். தகரக் கூரை, துரு ஏறி, பாசி பிடித்துக் கிடந்தது. தோட்டக்காரன் ஐந்து நாள் பாசியைச் சுரண்டினான், மூன்று நாள் சிவப்புப் பெயின்ட் அடித்தான். ஏரிப் பக்கத்துச் சரிவு மட்டும் பாக்கி இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காய விடலாம் என்று போனில் சொன்னான். படம் எடுக்கிறவரை நாளைக்கு வரச் சொல்லியாகிவிட்டது, மறுபடி அந்த ஆள் கிடைப்பது கஷ்டம் என்றாள் சின்னம்மா. "காலையில சீக்கிரம் ஏறிட்டா முடிஞ்சிடும் இல்ல?" விடிந்ததும் ஏறினான். பனி ஈரம். மேலே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வாசலில் பதித்த கல் தளத்தில் முதுகு அடிபட விழுந்தான். கத்தவில்லை. "காலைக் காணோம்" என்று மட்டும் சொன்னான்.

படம் எடுக்கிறவரின் ஜீப் அந்த நேரத்தில்தான் வந்தது. அவர் இறங்கிக்கொண்டு ஜீப்பைக் கொடுத்தார். அவளும் ஜீப் டிரைவரும் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள், அவர் கல் தளத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வேண்டிய படங்களை எடுத்து முடித்திருந்தார். வெளிச்சம் நன்றாக இருந்த காலை அது. அந்தப் படத்தைத்தான் விளம்பரத்தில் போட்டார்கள். சிவப்புக் கூரை, நீல ஏரி, ஏரிக்கு இந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி. கீழே எழுதியிருந்தது: ஏரியும் திறந்தவெளியும் சூழ்ந்த மலை வீடு. அமைதியான சூழல். உடனே குடியேறலாம்.

முதுகுத் தண்டில் ஓர் எலும்பு நொறுங்கியிருக்கிறது என்றார் அடிவாரத்து டாக்டர். இங்கே ஒன்றும் செய்ய முடியாது, பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துப் பூட்ட வேண்டும். கட்டைவிரல் அசைவது நல்ல சேதி, ஆனால் நாளைக் கடத்தாதீர்கள் என்றார். அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே சின்னம்மாவுக்குப் போன் செய்தாள். சின்னம்மா அழுதாள். நிஜமாகவே அழுதாள்.

"அப்பா இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பாரோ அதை நான் செய்வேன். இப்ப என் கையில ஒண்ணும் இல்ல. வீடு வித்த மறுநாள் அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில சேர்க்கிறேன். இது என் பொறுப்பு. வீடு சீக்கிரம் போகணும்னு நீயும் வேண்டிக்கோ."

அவள் வேண்டிக்கொள்வதோடு நிற்கவில்லை.

முதல் சில தடவை புரோக்கர்தான் பேசினான். அவனுக்குப் பேசத் தெரியவில்லை. சதுர அடி, தண்ணீர்த் தொட்டி, பட்டா என்று மனப்பாடம் ஒப்பித்தான். வந்தவர்கள் கொட்டாவியை மறைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்கள். ஒரு நாள் வந்த பெண், "கோடையில இந்த ஏரி வத்திப் போயிடுமா?" என்று கேட்டாள். புரோக்கர் விழித்தான். டீத் தட்டோடு நின்றிருந்த அவள் வாயைத் திறந்தாள்.

"வத்தாதுங்க. ஓரம் கொஞ்சம் இறங்கும். அப்ப கரையில மணல் தெரியும், நடந்து போகலாம். பறவைங்க வர்றதும் அப்பதான். சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் இந்த ஜன்னல் வழியா உள்ள வந்து அந்தச் சுவர் வரைக்கும் போகும். பெரிய ஐயா அந்த இடத்துலதான் நாற்காலியைப் போட்டு உட்காருவாரு. வெயில் நகர நகர நாற்காலியும் நகரும்."

அந்தப் பெண் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலி இருந்த இடத்தில் போய் நின்றாள். அவர்கள் வாங்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். புரோக்கர் போகும்போது, "இனிமே நீங்களே பேசிடுங்கக்கா. நான் கேட்டைத் திறந்து விடறேன்," என்றான்.

அதற்குப் பிறகு அவள் பேசிப் பேசித் தேறினாள். வயசானவர்கள் வந்தால் படிகள் குறைவு என்பதைச் சொன்னாள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் வந்தால் படிகளைப் பற்றிப் பேசாமல் மேல் அறைக்கு அழைத்துப் போனாள். "இந்தத் திறந்தவெளியில நாளைக்கு யாராவது வீடு கட்டி மறைச்சுட்டா?" என்று எல்லோரும் கேட்டார்கள். "மறைக்க முடியாதுங்க. அது பொது இடம். ஆடு மேயும், அவ்வளவுதான். காலையில எழுந்து பார்த்தா உங்களுக்கும் ஏரிக்கும் நடுவுல ஒரு குறுக்குச் சுவர்கூட இருக்காது," என்றாள். சுவர் என்று சொல்லும்போது பின்பக்கம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

அந்தப் பின்சுவருக்கு அப்பால் எல்லாம் கேட்கும். ராத்திரிக்கு வைத்ததில் பாதியை அவனுக்கு ஊட்டிவிட்டு மீதியைச் சாப்பிட உட்காரும்போது அவன் ஆரம்பிப்பான்.

"இன்னிக்கு நீ பேசினதைக் கேட்டு எனக்கே இந்த வீட்டை வாங்கிடலாமான்னு இருந்துச்சு."

"வாங்குங்களேன்."

"எனக்கு ஏரி தெரியற ரூமா குடு. இந்த ரூம்ல ஜன்னல் இல்ல."

"ஸ்டோர் ரூமுக்கு எதுக்கு ஜன்னல்?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்தால் அவனுக்கு முதுகு வலித்தது. வலிக்கிறதே என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

ஐந்தாவது மாதம் இடுப்பில் சிவந்திருந்த இடம் புண்ணாகத் திறந்துகொண்டது. ஏரிக்கு மேல் பக்கத்துக் குடியிருப்பில் மருந்தகம் வைத்திருந்த நர்ஸம்மாவைக் கூட்டி வந்தாள். நர்ஸம்மா புண்ணைக் கழுவிக் கட்டினாள். பிறகு ஒரு குண்டூசியை எடுத்து அவன் காலில் அங்கங்கே தொட்டுத் தொட்டுக் கேட்டாள். தொடையில் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே தெரியவில்லை.

"முன்னால தெரிஞ்சுதுன்னு சொன்னீங்களே?"

"பாதம் வரைக்கும் தெரிஞ்சுதும்மா. மந்தமா."

நர்ஸம்மா குண்டூசியைத் துடைத்துத் தன் காலரில் குத்திக்கொண்டாள். "எப்ப ஆபரேஷன்?"

"வீடு வித்ததும்," என்றாள் அவள்.

"வீட்டுக்கும் இவர் முதுகுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நர்ஸம்மா போன பிறகு போர்வையை விலக்கி, "அசைங்க," என்றாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்தான். நெற்றியில் வியர்த்தது.

"அசைஞ்சுதா?" என்று கேட்டான்.

"அசைஞ்சுது," என்றாள்.

வாங்கப்போகிறவர் அந்த மாதக் கடைசியில் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவியும் கூட வந்திருந்தாள். மனைவி ஜன்னலண்டை நின்று ஏரியைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இவர்கள் வாங்குவார்கள் என்று. பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மீன் தூண்டிலைக் கடித்த பிறகு தண்ணீரைக் கலக்கக் கூடாது.

ஆனால் அந்த மனிதர் ஜன்னலோடு நிற்கவில்லை. குழாய்களைத் திறந்து மூடினார். சுவர்களை விரல் மூட்டால் தட்டிப் பார்த்தார். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். யாரிடமும் குரல் உயர்த்தவில்லை, ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார். வீட்டைச் சுற்றி வந்து விறகுக் கொட்டகையைப் பார்த்தார். அடுத்து, பூட்டிய கதவின் முன் நின்றார்.

"இது என்ன ரூம்?"

"ஸ்டோர் ரூம் சார்," என்றான் புரோக்கர்.

"திறந்து காட்டுங்களேன்."

"சாவி இல்ல சார். பழைய சாமான்தான் கிடக்கு. அடுத்த தடவை வரும்போது…"

அவர் கதவை விரல் மூட்டால் இரண்டு தடவை தட்டினார். பலகையின் கனத்தைப் பார்க்கத்தான் தட்டினார்.

"சாவி அவ இடுப்புல இருக்குங்க," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

புரோக்கர் கண்ணை மூடிக்கொண்டான். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். சாவி பூட்டில் நுழைய நேரம் ஆயிற்று. கதவு திறந்ததும் டெட்டால் வாசனையும் புண்ணின் வாசனையும் சேர்ந்து வந்தன. வந்தவர் கைக்குட்டையை எடுத்தார், உடனே மூக்கில் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"வணக்கம்ங்க. எழுந்திருக்க முடியல," என்றான் தோட்டக்காரன்.

"பரவாயில்ல, பரவாயில்ல. என்ன ஆச்சு உங்களுக்கு?"

"கூரைக்குப் பெயின்ட் அடிச்சேன்."

அவர் இரண்டடி பின்னால் வந்து, தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா அடிச்சிருக்கீங்க," என்றார். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அவர்கள் போனதும் அவள் கட்டில் அருகே வந்து நின்றாள்.

"எதுக்குப் பேசினீங்க? அஞ்சு மாசமா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க இல்ல, இன்னும் ஒரு பத்து நிமிஷம் இருந்தா என்ன? கெடுத்துட்டீங்களே. கையில வந்தது வாய்க்கு எட்டாம கெடுத்துட்டீங்களே."

"கதவைத் தட்டினாரே."

"தட்டினா?"

"ஒருத்தர் கதவைத் தட்டினா உள்ள ஆள் இருக்குன்னு சொல்றதுதானே மரியாதை," என்றான். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துடுச்சு, உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்தக் கதவை மறுபடி பூட்டவில்லை.

வியாபாரம் கெட்டுப்போகவில்லை. மூன்றாம் நாள் புரோக்கர் போன் செய்தான். முடிந்துவிட்டதாம். அறையில் கிடந்த ஆளைக் காரணம் காட்டி வாங்குகிறவர் விலையில் கொஞ்சம் இறக்கிவிட்டாராம், ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறாராம். வீட்டில் யாருக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வேண்டும். பதிவு முடிந்து பதினைந்து நாளில் அறை காலியாக இருக்க வேண்டும். "நல்ல மனுஷன்க்கா. உங்க வீட்டுக்காரருக்கு எப்படி இருக்குன்னு ரெண்டு தடவை விசாரிச்சாரு."

சின்னம்மா பழங்களும் ஒரு காகிதமும் கொண்டுவந்தாள். அறைக்குள் உட்கார இடம் இல்லாமல் வாசலிலேயே நின்று பேசினாள். காகிதம் தட்டச்சு செய்யப்பட்டு நீளமாக இருந்தது. படித்துப் பார்க்கத் தேவையில்லை, வழக்கமாக எழுதுவதுதான் என்றாள். இவளுக்குப் படிக்கத் தெரியும். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தாள்.

தாங்கள் இருவரும் மேற்படி வீட்டில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள் அல்ல என்றும், காலஞ்சென்ற வீட்டு உரிமையாளரின் கருணையால் தங்கியிருந்தவர்கள் என்றும், கணவர் தன் சொந்த விருப்பத்தின் பேரில் கூரைமேல் ஏறி விழுந்தார் என்றும், அதன் பொருட்டு எக்காலத்திலும் யாரிடமும் எதுவும் கோரப்போவதில்லை என்றும் எழுதியிருந்தது.

"சின்னம்மா, நீங்கதானே பெயின்ட் அடிக்கச் சொன்னீங்க? காலையில ஏறச் சொன்னீங்க."

"நான் இல்லைன்னா சொல்றேன்? இது வக்கீல் எழுதற பாஷை. அவங்க அப்படி எழுதினாத்தான் பதிவாகும். காகிதத்துல என்ன இருந்தா என்ன, நான் சொன்ன சொல் சொல்தான். பதிவு முடிஞ்ச மறுநாள் ஆஸ்பத்திரி. இதுல நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலைன்னா அவங்க விலகிடுவாங்க. அப்புறம் இன்னொரு ஆள் வர்றதுக்கு எத்தனை மாசமோ. இவரால தாங்க முடியுமா, நீயே சொல்லு."

அவள் கட்டிலைப் பார்த்தாள். தோட்டக்காரன் சின்னம்மாவைப் பார்க்காமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடு, போடறேன்," என்றான். "படுத்துக் கிடக்கிறவனுக்குச் சொந்த விருப்பம்னு ஒண்ணு இருந்ததா நாலு பேருக்குத் தெரியட்டுமே."

காகிதத்தை ஒரு தட்டின் மேல் வைத்து அவன் மார்புக்கு நேராகப் பிடித்தாள். மல்லாந்தபடி எழுதியதில் பேனாவில் மை இறங்காமல் பாதிக் கையெழுத்து வெறும் கோடாக விழுந்தது. சின்னம்மா பேனாவை உதறிக் கொடுத்து மேலேயே இன்னொரு தடவை எழுதச் சொன்னாள். அதற்குக் கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள்.

பதிவு முடிந்த மறுநாள் அவள் ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் சின்னம்மாவே பேசினாள். அவளுடைய அண்ணன் தன் பங்கைக் கேட்டு வம்பு செய்கிறானாம், பணம் வங்கியிலேயே நிற்கிறதாம், இரண்டு வாரம் பொறுத்துக்கொள் என்றாள். அதற்கு அடுத்த தடவை போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கும் அடுத்த தடவை, நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. பத்து நாளும் அந்த வேறொருவருடனேயே பேசிக்கொண்டிருந்தார்.

அவள் புரோக்கரைப் பிடித்தாள். அவன் கடைக்கு வெளியே வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"எனக்கே கமிஷன்ல பாதிதான் வந்துச்சுக்கா. நான் போய்க் கேட்டா, வீட்டை வித்துக் குடுத்தவனே எதிர்க்கிறான்னு ஆயிடும்." பிறகு, "நீங்க கேஸ் போட்டா…" என்று ஆரம்பித்து, "அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க இல்ல," என்று அவனே முடித்தான்.

நர்ஸம்மா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். அதோடு, அடிவாரத்தில் எடுத்த பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு அவள் மட்டும் பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். மத்தியானம் வரைக்கும் வரிசையில் நின்றாள். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார், தேதியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"இவ்வளவு நாளா என்னம்மா செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

வீடு வித்துக்கிட்டு இருந்தேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இனி ஆபரேஷன் செய்தால் உட்கார முடியலாம், நடப்பது சந்தேகம் என்றார் அவர். முதலில் புண் ஆற வேண்டும். புண் ஆறின பிறகு பெயர் எழுதிக்கொள்வார்கள். பெயர் எழுதின பிறகு கூப்பிடுவார்கள்.

திரும்பி வந்து அவனிடம், "உட்காரலாம்னு சொன்னாரு," என்றாள்.

"நடக்கிறது?"

"முதல்ல உட்காருங்க, அப்புறம் பார்க்கலாம்."

"உட்கார்ந்தா போதும். படுத்தபடி சாப்பிட்டா மூக்குல ஏறுது," என்றான்.

பதினைந்தாம் நாள் காலையில் புது வீட்டுக்காரரின் சாமான்கள் பெரிய லாரியில் வந்தன. கல்யாணமாகி ஊரில் இருக்கும் தோட்டக்காரன் மகளுக்கு ஒற்றை அறை வீடு. அங்கே போவதென்று முடிவாகியிருந்தது. சாமான் இறக்கிவிட்டு லாரி காலியாகத்தான் திரும்புகிறது, அதிலேயே ஏற்றிக்கொண்டு போகலாம் என்று டிரைவரிடம் பேசி வைத்திருந்தான் புரோக்கர். அவனால் ஆன உதவி.

நான்கு சுமைக்காரர்கள் இறக்கினார்கள். சோபா, அலமாரி, குளிர்பெட்டி. கடைசியாக ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடி மீன் தொட்டி. அதை மூன்று மெத்தைப் போர்வைகளில் சுற்றி, அட்டை கட்டி, கயிறு போட்டிருந்தார்கள். நான்கு பேரும் நான்கு மூலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். புது வீட்டுக்காரர் முன்னால் பின்னோக்கி நடந்து வந்தார். "மெதுவா, மெதுவா. ஆட்டாதீங்க. மூச்சு வாங்குதுன்னா இறக்கி வச்சிட்டு அப்புறம் தூக்குங்க, அவசரம் இல்ல." அதைக் கூடத்தில் ஏரி தெரிகிற ஜன்னலுக்கு எதிரே வைத்தார்கள். போர்வைகளைப் பிரித்தபோது ஒரு கீறல் இல்லை. அவர் சுமைக்காரர்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு அதே நான்கு பேர் பின்பக்கம் வந்தார்கள். அவர்களில் வயசானவர் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் மீன் தொட்டியைச் சுற்றியிருந்த போர்வைகளில் ஒன்றை எடுத்து வந்தார். அதன் மேல் தோட்டக்காரனை மாற்றி, நான்கு முனையையும் பிடித்துத் தூக்கினார்கள். யாரும் மெதுவா என்று சொல்லவில்லை. அவர்களாகவே மெதுவாக நடந்தார்கள். லாரிப் பலகையில் அப்படியே போர்வையோடு படுக்க வைத்தார்கள். அவள் பெட்டியையும் இரண்டு பாத்திர மூட்டைகளையும் ஏற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

டிரைவர் பின் கதவைத் தூக்கப் போகும்போது புது வீட்டுக்காரர் வேகமாக வந்தார்.

"ஒரு நிமிஷம். மன்னிச்சுக்குங்க, அந்தப் போர்வை எங்களுடையது. லாரியோடதுன்னு நினைச்சு எடுத்திருப்பாங்க. மூணும் ஒரே செட்டு, என் மனைவி தேடறாங்க."

வயசான சுமைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். "சார், மலைப் பாதை. வெறும் பலகையில…"

"நான் வேணும்னா பழசா ஏதாவது இருக்கான்னு பார்க்கச் சொல்றேன்," என்றார் அவர். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எல்லாம் இன்னும் கட்டுப் பிரிக்கல."

"வேண்டாங்க," என்றாள் அவள்.

தோட்டக்காரனை ஒரு பக்கமாகப் புரட்டி, போர்வையைப் பாதி சுருட்டி, மறுபக்கம் புரட்டி உருவினாள். ஏழு மாதமாகத் தினமும் செய்கிற காரியம், கணத்தில் முடிந்தது. எழுந்து நின்று போர்வையை உதறினாள். முனையோடு முனை சேர்த்து, சுருக்கம் நீவி, ஓரம் வெளியே தெரியாமல் மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ரொம்ப நன்றிம்மா," என்று வாங்கிக்கொண்டார் அவர்.

வளைவுகளில் அவன் உருண்டுவிடாமல் இருக்க, வயசான சுமைக்காரர் மீன் தொட்டியைக் கட்டியிருந்த கயிற்றை எடுத்து அவன் தொடைகளின் மேலாகப் போட்டு, லாரியின் இரண்டு பக்கக் கொக்கிகளிலும் மாட்டினார். முடிச்சை இழுத்தார்.

"இறுக்குதா அண்ணே?"

தோட்டக்காரன் தலையைக் கொஞ்சம் தூக்கித் தன் கால்களையும், அவற்றின் மேல் கிடந்த கயிற்றையும் பார்த்தான்.

"தெரியலப்பா," என்றான்.

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்தான். சுமைக்காரர் தளர்த்துவதா, இன்னும் ஒரு பிடி இழுப்பதா என்று தெரியாமல் கயிற்று நுனியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.